வாட்ஸ்அப்பில் போன பத்திரிகை

பேராசிரியர் சகாயநாதன் தீவிரவாதத்தையும் போரையும் ஆராய்ந்தே முப்பது வருடம் சம்பளம் வாங்கியவர். எந்த நாட்டில் எந்தக் குழு எப்போது துப்பாக்கியைக் கீழே வைக்கும் என்று டெல்லியில் உட்கார்ந்தபடி டிவியில் சொல்வார். மரக்காணத்தில் இருக்கும் சொந்த அக்கா ஆரோக்கியம் அவரோடு பேசி மூன்று வருடம் ஆகிறது. அதற்கு மட்டும் மனிதரிடம் பதில் கிடையாது.

குற்றம் அவருடையதுதான். மகன் கல்யாணத்துக்கு அக்காவைத் தட்டு வைத்து நேரில் அழைக்காமல், ஜெனீவாவில் ஒரு சமாதான மாநாட்டில் இருந்தபடியே பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். கூடப் பிறந்தவளை இப்படியா அழைப்பார்கள்? அக்கா கல்யாணத்துக்கு வரவே இல்லை.

இப்போது அக்கா மகள் மெர்லினுக்கு அடுத்த வாரம் கல்யாணம். தாய்மாமன் என்று இருப்பது இவர் ஒருவர்தான். ஊருக்கெல்லாம் பத்திரிகை போயிற்று, இவருக்கு வரவில்லை. மரக்காணத்தில் அப்பா அம்மா இருந்த பழைய வீட்டுக்கு வந்து, நான்கு நாளாக வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை கழுத்தில் தாலி ஏறும்போது தான் அங்கே இல்லாமல் போய்விடுவோமோ என்று பயம்.

சும்மா போய் நிற்க முடியுமா, நிபுணராயிற்றே! மூன்றாம் தரப்பாக உப்பள மேஸ்திரி இருசப்பனைத் தூது அனுப்பினார். இருசப்பன் ஏப்பம் விட்டுக்கொண்டே திரும்பி வந்தான்.

“வஞ்சிர மீன் கொழம்பு சார். ரெண்டு தடவ ஊத்தினாங்க. யோசிச்சுப் பாத்தா அக்கா சொல்றதுதான் நியாயமா இருக்குது.”

ஆயிற்று, தூது எதிர்முகாமில் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலை நான்கு பக்கம் குறிப்பெழுதிக்கொண்டு, உப்பளத்தை ஒட்டிய சாலையில் அவரே நடந்தார். அக்கா வீட்டு வாசலில் நின்று, “அக்கா, முதல்ல ரெண்டு தரப்பும்...” என்று ஆரம்பித்தார்.

“தரப்பா? நான் உனக்குத் தரப்பாடா?”

குறிப்பில் இதற்குப் பதில் இல்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினார், அங்கேயும் இல்லை.

“தப்பு பண்ணிட்டேன்கா,” என்றார். குறிப்பை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “நேர்ல வந்து அழைச்சிருக்கணும்.”

ஆரோக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் செருப்பைக் கழற்றப் போனார்.

“உள்ள வராத! வீட்டுக்குப் போ.”

“அக்கா...”

“போடான்னா! பத்திரிக வெக்க நாங்க முறையா அங்க வரணும். நீ இங்கயே நின்னுட்டிருந்தா யாருக்கு வெக்கிறது?”

அறுபது வயதுப் பேராசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். பாதி வழியில் அக்கா புருஷன் சார்லஸின் டிவிஎஸ் வண்டி அவரைத் தாண்டிப் போயிற்று. பின்னால், மடியில் பழத்தட்டோடு அக்கா.

“சீக்கிரம் ஓடியாடா,” என்று திரும்பிக் கத்தினாள். “சாவி உங்கிட்டதான இருக்குது!”