ஏழாம் கேள்விக்கு விடை: குழாய்

எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தையும் வெற்றாக விட்டதில்லை என்பது வெங்கடராமனுக்கு இருந்த ஒரே கர்வம். வேறு கர்வத்துக்கு வாழ்க்கை இடம் கொடுக்கவில்லை.

தில்லியில் சுகாதார அலுவலகம் ஒன்றின் புள்ளிவிவரப் பிரிவில் அவர் உதவியாளர். மோதி பாக்கில் அவர் குடியிருந்த, தமிழ் ஊழியர் மிகுந்த அரசுக் குடியிருப்புக்குப் பின்னால், சாக்கடை நாலாவை ஒட்டித் தமிழர் குடிசைகள் இருந்தன. கோடைதோறும் அங்கே குழந்தைகளுக்குப் பேதி கண்டது. காரணம் அறிய 1978 மார்ச்சில் கணக்கெடுத்தார்கள். பிரிவில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவரே ஆகையால், அறுபத்திரண்டு குடிசைகளுக்கும் அவரே நடந்தார். ஏழாம் கேள்வி, குடிநீர் எதிலிருந்து என்பது. குழாய், கிணறு, கைப்பம்பு, பிற. அறுபத்திரண்டு பேரும் குழாய் என்றார்கள். விடைகள் அவ்வளவு ஒருமித்திருந்தால் சந்தேகம் வரவேண்டும். வெங்கடராமனுக்கு அட்டவணையின் அழகுதான் தெரிந்தது.

நீரில் குறையில்லை, குறை மக்களின் பழக்கத்தில் என்று மேலிடம் முடிவு கட்டியது. பொதுக்குழாய் அமைக்கும் யோசனை கோப்பில் அடிக்கப்பட்டுத் துண்டறிக்கை ஒன்று அச்சாயிற்று. 'நீரைக் காய்ச்சி ஆற்றிப் பருகுக' எனத் தொடங்கிய அதை எழுதியவரும் அவரே. அதில் பிழை ஒன்றும் இல்லை. குடிசைகளில் அதைப் படிக்கத் தெரிந்தவரும் ஏறக்குறைய ஒருவரும் இல்லை.

மே மாதம் பள்ளி மூடியதும் குடும்பத்தோடு கும்பகோணம் போக டிக்கெட் எடுத்திருந்தார். பாத்திரம் தேய்க்க வரும் ஆராயி, அவர் கணக்கெடுத்த குடிசைகளில் ஒன்றில் இருப்பவள், சமையலறையிலிருந்து கேட்டாள்:

"ஏம்மா, நீங்களும் வெள்ளிக்கெழம ஊருக்குப் போயிருவீங்களா?"

"ஆமா ஆராயி. ஸ்கூல் தெறக்கறச்சேதான் வருவோம்" என்றாள் அவர் மனைவி விசாலாக்ஷி.

"அப்ப தண்ணிக்கு?"

வெங்கடராமன் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "உங்க எடத்துலதான் கொழாய் இருக்கே?"

"அங்க ஏதுங்கய்யா? இதான் கொழாய்" என்று அவர் வீட்டுக் குழாயைக் காட்டினாள் ஆராயி. "தெனம் ரெண்டு கொடம் இங்கதான் எடுக்கறேன். அவங்கவங்க வேல செய்யற ஊட்டுல அவங்கவங்க எடுப்பாங்க. நீங்கல்லாம் ஊருக்குப் போயிட்டா, நாலா ஓரமா குழி தோண்டி ஊறுறத மொண்டுக்கறதுதான். போன வருசம் எம்பொண்ணு வள்ளி பதினோரு நாளு ஆசுபத்திரியில கெடந்தா."

"அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"எதுல எடுக்கறேன்னு கேட்டீங்க, சொன்னேன். யாரு ஊட்டுலன்னு கேக்கலீங்களே. நாலு பேரு முன்னால அம்மாவக் காட்டிக்குடுக்கச் சொல்றீங்களா?"

"மூணு வருஷமா குடுத்துண்டிருக்கேன்" என்றாள் விசாலாக்ஷி. "கணக்கெடுக்கப் போனேளே, தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

மறுநாள், மூன்றாண்டு மருத்துவமனைக் கணக்கையும் பள்ளி விடுமுறைத் தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பள்ளி மூடிய வாரம் பேதி ஏறியது. திறந்த வாரம் இறங்கியது. தமிழர் பழக்கம் என்று அவர் துறை கண்டுபிடித்திருந்த நோய், தெற்கே போகும் ரயிலின் முன்பதிவுப் பட்டியலையே பின்பற்றியிருந்தது. அப்பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

திருத்தக் குறிப்போடு அதிகாரி ராமமூர்த்தியின் முன் நின்றார்.

"யார் வீட்டுக் குழாய்னும் எழுதணுமே, வெங்கடராமன். குவார்ட்டர்ஸ் தண்ணியை வெளியாளுக்குக் குடுக்கறது விதிமீறல்."

"எழுதியிருக்கேன் சார். என் வீடு."

"மத்த வீடெல்லாம்?"

"கேட்கலை."

"நீங்களா கேட்கலை?"

"அந்தக் கட்டத்தை மட்டும் வெத்தா விட்டுட்டேன் சார்."

ராமமூர்த்தி சிரிக்கவில்லை, கையொப்பமிட்டார்.

பொதுக்குழாய்க் கோப்பு மீண்டும் உயிர்பெற்று, பரிசீலனையில் படுத்துக்கொண்டது. விதிமீறலுக்கு விளக்கம் கேட்ட கடிதம் மட்டும் மூன்றே நாளில் வந்து சேர்ந்தது. வெங்கடராமன் தம் டிக்கெட்டை ரத்து செய்து, மனைவி மக்களை மட்டும் ரயிலேற்றினார்.

குழாயில் நீர் வருவது காலை ஐந்திலிருந்து ஏழு வரை. எவ்வளவு விரைந்து பிடித்தாலும் பத்தொன்பது வீட்டுக்கு மேல் எட்டவில்லை. மிச்சம் நாற்பத்துமூன்று என்பதைக் கழித்துப் பார்க்க அவருக்குத் தாள் தேவைப்படவில்லை. இரண்டாம் வாரம், ஊருக்குப் போகாத எதிர்வீட்டு அந்தோணியின் கதவைத் தாமே போய்த் தட்டினார். அந்தோணி தம் வீட்டுக் குழாயையும் திறந்துவிட்டார். அப்படியும் முப்பத்தாறுதான்.

ஜூன் பாதி கடந்தும் வள்ளி நலமாயிருந்தாள். வரிசையில் முண்டியடித்துத் திட்டும் வாங்கினாள். வெங்கடராமன் சமையலறை வாசலில் முக்காலி போட்டு, விளக்கக் கடிதத்தின் நான்காம் வரைவைத் திருத்திக்கொண்டிருந்தார். 'வழங்கினேன்' என்பதா, 'வழங்கி வருகிறேன்' என்பதா என்று பேனா தயங்கியது.

"ஐயா, எழுதறத ஏழு மணிக்கு மேல எழுதிக்கலாம்" என்றாள் ஆராயி. "தண்ணி நிக்கப்போவுது. இந்தக் கொடத்த ஒரு கை தூக்கி வுடுங்க."

அவர் 'வருகிறேன்' என்று எழுதிவிட்டு எழுந்தார்.