பிள்ளைப்பேறு காயமல்ல

என் அக்கா பதினேழு ஆண்டுகள் கோல்ஃப் ஆடிச் சம்பாதித்தாள். அவளுடைய மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவன் நான். அந்த ஆட்டத்தில் பை தூக்குகிறவனுக்குக் கேடி என்று பெயர். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் "தம்பிக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, முகத்தில் சிரிப்பே காட்டாமல், "கேடிங்க. பத்து வருஷமா அதான் தொழில்" என்றார். அதற்குப் பிறகும் எனக்குக் கல்யாணம் நடந்தது பெரிய விஷயம்.

நாங்கள் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் இல்லை. பெரிய சாலைக்குப் பின்னால் மூன்று பக்கமும் வலை கட்டிய பயிற்சி மைதானம் ஒன்று இருந்தது. அங்கே வாளியில் பந்து நிரப்பித் தரும் கவுண்டரில் அம்மாவுக்கு வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்கா அந்த கவுண்டருக்குக் கீழே உட்கார்ந்து பாடம் எழுதுவாள். முடித்துவிட்டு, வந்தவர்கள் அடிக்காமல் வாளியில் விட்டுப்போன பந்துகளைத் தேடிப் போய் அடிப்பாள். அவள் அடித்த பந்து நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். பின்னாளில் ஆட்டக்காரிகள் அவளை ஊசி என்று கூப்பிட்டதற்கு அதுதான் காரணம். பத்தொன்பது வயதில் தகுதிப் போட்டியில் தேறிக் கார்டு வாங்கினாள். கார்டு என்பது ஆண்டு முழுக்க நடக்கும் பந்தயங்களில் ஆடுவதற்கான உரிமைச் சீட்டு. அது கையில் இருந்தால் நீ தொழில்காரி. இல்லையென்றால் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

பன்னிரண்டு ஆண்டுகள் அந்தக் கார்டை அவள் ஒரு முறைகூட இழக்கவில்லை. நான்கு பந்தயங்களில் வென்றாள். முப்பத்தொன்றாவது வயதில் பிள்ளை உண்டானாள்.

ஐந்தாம் மாதத்தில் சங்கத்துக்குப் போய், பிரசவத்துக்காக ஒரு வருடம் தன் கார்டை நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டாள். ஆண்கள், பெண்கள் இரு பிரிவுக்கும் அந்த ஒரே சங்கம்தான். காயமோ நோயோ வந்தவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை, விதியில் வேறெதுவும் இல்லை என்று செயலாளர் வாயால் சொல்லி அனுப்பிவிட்டார். அதே ஆண்டு ஆண்கள் பிரிவில் ஒருவர், ஏதோ படகு விருந்தில் மேசைமேல் ஏறி ஆடி, வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவருடைய கார்டைப் பதினெட்டு மாதம் பத்திரமாக எடுத்துவைத்தார்கள். போதாததற்குப் பூங்கொத்தும் போனது.

அக்கா ஏழாம் மாதம் வரைக்கும் ஆடினாள். வயிறு முன்னால் வர வர, பந்திலிருந்து தள்ளி நிற்கப் பழகிக்கொண்டாள். "பந்துதான்டா என்னப் பாத்துப் பயந்து தள்ளித் தள்ளிப் போவுது" என்பாள். அப்படி ஆடிய கடைசிப் பந்தயத்தில் நான்காவதாக வந்தாள். ஆனாலும் குறைந்தபட்சம் இத்தனை பந்தயம் ஆடியிருக்க வேண்டும் என்ற கணக்கில் மூன்று குறைந்தது. கார்டு போனது. குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது, பத்தொன்பது வயதில் நின்ற அதே வரிசையில் போய் நின்றாள்.

தகுதிப் போட்டி நான்கு நாள். மொத்தத்தில் குறைந்த அடிகளில் முடிக்கும் முதல் பத்துப் பேருக்குத்தான் கார்டு. முதல் மூன்று நாளும் குழந்தை வீட்டில் அம்மாவிடம் புட்டிப்பால் குடித்துக்கொண்டு சமர்த்தாக இருந்தது. நாலாம் நாள் காலையில் புட்டியைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொண்டது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மாமா, கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்தார். வாசலில் பலகை. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அனுமதி இல்லை. அவர் கார் நிறுத்துமிடத்தில் குழந்தையோடு உட்கார்ந்தார்.

ஆட்டம் தொடங்கும் முன் அக்கா நடுவரிடம் போனாள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"சார், ஒம்பதாவது குழி முடிஞ்சதும் குழந்தைக்குப் பால் குடுத்துட்டு வந்துடுறேன். பத்து நிமிஷத்துக்கு மேல ஆகாது."

"போயிட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்றார். ஒரு எழுத்துகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

ஒன்பதாவது குழி முடிந்ததும் அக்கா கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. திரும்பி வந்தபோது எங்களுக்கு முந்தைய கோஷ்டியின் மூவரும் பத்தாவது குழியின் தொடக்கத்தில் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களே இன்னும் நகரவில்லை. அக்காவால் யாருக்கும் ஒரு நொடி தாமதம் இல்லை. ஆனால் நடுவர் கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"ஒம்பது நிமிஷம் நாப்பது செகண்ட். ஆட்டத்தத் தாமதப்படுத்தினதுக்கு ஒரு அடி தண்டன."

"காலைல உங்ககிட்ட கேட்டுட்டுதானே சார் போனேன்?"

"பாத்துக்கலாம்னுதான் சொன்னேன். பாத்துட்டேன்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "போயிட்டு வாங்கன்னு சொன்னீங்க சார். நான் கேட்டேன்" என்றேன்.

"கேடி சொல்றதெல்லாம் சாட்சியில சேராது" என்றார்.

அவர் எந்த அர்த்தத்தில் சொன்னாரோ தெரியாது. பையைக் கீழே வைக்கப் போனேன். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். "ஏழாம் நம்பர் மட்டைய எடு" என்றாள்.

குழந்தை ஒரு பக்கம்தான் குடித்திருந்தது. பன்னிரண்டாவது குழியில் அக்கா பையைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்து மாட்டினாள். மண்டையைப் பிளக்கும் வெயில். ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். புரிந்தது. மூடிக்கொண்டேன். மட்டையை ஓங்கும் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்தாள். அப்படியே மிச்சக் குழிகளையும் ஆடி முடித்தாள். கடைசியில் பலகையில் பத்தாவது இடத்தில் ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணின் பெயர். ஒரே ஒரு அடி பின்னால், பதினொன்றாவதாக அக்கா. அந்த ஒரு அடி இல்லையென்றால் இருவரும் சமம். கூடுதல் குழி ஆடிப் பார்த்திருப்பார்கள்.

மேல்முறையீட்டுக்குச் செயலாளர் அறைக்குப் போனோம். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மாமா குழந்தையோடு வராந்தாவில் நின்றார். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டதும் செயலாளர், "மொதல்ல அத வெளிய கொண்டுபோகச் சொல்லுங்க" என்றார்.

"வெளியதான் சார் நிக்குறாங்க" என்றாள் அக்கா.

விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று ஆரம்பித்தார். படகில் விழுந்தவரைப் பற்றி அக்கா கேட்டாள். "அது காயம்மா. இது காயமா?" என்றார்.

"சரி சார். அதயே எழுதிக் குடுங்க."

அப்போதே அவர் பயந்திருக்க வேண்டியது. பயப்படவில்லை. இவள் என்ன செய்துவிடுவாள் என்ற இளக்காரம். நான்காம் நாள் கடிதம் வீட்டுக்கு வந்தது. 'பிள்ளைப்பேறு காயமோ நோயோ அல்ல. வீராங்கனை தம் சொந்த விருப்பத்தால் தேடிக்கொண்ட நிலை. எனவே தங்கள் கோரிக்கைகள் நிராகரிக்கப்படுகின்றன.' கீழே முத்திரை. மாமா அதைப் படித்துவிட்டு, "சொந்த விருப்பம்னா, எனக்கும் பாதிப் பொறுப்பு இருக்கு. எனக்கு ஒரு அடி தண்டன போடல பாரு" என்றார். அக்கா சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவளை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பத்தாவதாக வந்த அந்தப் பெண். உட்காரக்கூட இல்லை.

"அக்கா, கூடுதல் குழி ஆடியிருந்தா நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க. எனக்குச் சாப்பாடு எறங்கல."

"நல்லா ஆடித்தானே வந்த? சாப்பிடு" என்றாள் அக்கா. பிறகு கடிதத்தைக் காட்டினாள்.

அவள் இரண்டு முறை படித்தாள். "இத நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றாள். போகிற போக்கில் எனக்கும் வேலை கொடுத்தாள். அவளிடம் பை தூக்க ஆள் இல்லை. அக்காவின் இடத்தில் உட்கார்ந்தவளின் பையையா என்று நான் தயங்கினேன். "அவ உக்காரல, உக்கார வச்சாங்க. ஒழுங்கா போய்த் தூக்கு" என்று அக்கா அதட்டினாள்.

அடுத்த பந்தயத்தில் கடிதத்தின் நகல் பெண்கள் உடை மாற்றும் அறைச் சுவரில் ஏறியது. மதியத்துக்குள் யாரோ கிழித்தார்கள். மறுநாள் ஒவ்வொரு அலமாரிக் கதவிலும் ஒரு நகல் இருந்தது. மூன்றாம் நாள் காலை நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். முதல் கோஷ்டியின் மூவரும் பந்தை வைத்தார்கள், மட்டையைத் தரையில் ஊன்றினார்கள், அப்படியே நின்றார்கள். ஒன்பது நிமிடம் நாற்பது நொடி. பிறகு அடித்தார்கள். நடுவர் மூவருக்கும் ஒவ்வொரு அடி தண்டனை போட்டார். அடுத்த கோஷ்டியும் நின்றது. அதற்கடுத்ததும். எல்லாருக்கும் ஒரு அடி கூடினால் யாருக்குமே கூடவில்லை என்றுதான் அர்த்தம். நடுவருக்கு அது உறைக்க நாலு கோஷ்டி ஆனது. பதினொரு மணி ஆகியும் பாதிப் பேர் ஆட்டத்தையே தொடங்கவில்லை. டிவிக்காரர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். செயலாளர் வண்டியில் வந்து இறங்கி, "என்னம்மா இது, ஒழுங்கீனம்" என்றார்.

"பாத்துக்கலாம் சார்" என்றாள் என் பத்தொன்பது வயது முதலாளி.

இரண்டு பேர் மட்டும் சேரவில்லை. அதில் ஒருத்தி இரண்டு பிள்ளை பெற்றவள். அவளுக்கு என்ன பயமோ. ஆனால் அந்த நாளில் அவள் முதல் அடியை அடித்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் நடந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

விதி மாறியது. ஒரே நாளில் இல்லை. ஏழு மாதம் இழுத்தார்கள், மூன்று கூட்டம் போட்டார்கள். கடைசியில், பிரசவத்துக்குப் பதினெட்டு மாதம் கார்டு காப்பாற்றப்படும் என்று அறிவித்தார்கள். அறிவிப்போடு ஒரு படம். யாருடைய குழந்தையையோ செயலாளர் தூக்கி வைத்துக்கொண்டு இளிக்கிறார். 'சங்கத்தின் தாயுள்ளம்' என்று தலைப்பு. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: முந்தைய நேர்வுகளுக்கு இது பொருந்தாது. முந்தைய நேர்வு என்று இருந்தது ஒருத்திதான். என் அக்கா.

அந்தப் பத்திரிகையை நான் கிழிக்கப் போனேன். "வை. குட்டிக்கு அடியில விரிக்க ஆகும்" என்றாள்.

பயிற்சி மைதானத்தில் தினம் முந்நூறு பந்து அடித்தாள். குழந்தை தவழ்ந்து, நின்று, நடக்கவும் தொடங்கியது. மறு ஆண்டு மீண்டும் தகுதிப் போட்டி, மீண்டும் நான்கு நாள், யாருடைய சலுகையும் இல்லாமல். மூன்றாவதாக வந்தாள். கடைசிக் குழியை விட்டு வெளியே வந்தபோது செயலாளர் அங்கே நின்றிருந்தார். பக்கத்தில் புகைப்படக்காரர். "சாதிச்சிட்டீங்கம்மா, எங்களுக்கெல்லாம் பெரும" என்று கையை நீட்டினார்.

அக்கா கையுறையைக் கழற்றவில்லை. "கார்டு எந்த ஜன்னல்ல குடுக்குறாங்க சார்?" என்று கேட்டாள். அவர் நீட்டிய கையாலேயே இடப்பக்கம் காட்டினார். அவள் அங்கே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். படத்தில் செயலாளர் மட்டும் தனியாக, வழிகாட்டிப் பலகை மாதிரி நிற்கிறார்.

அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் ஆடினாள். இரண்டு முறை இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக ஒரு முறைகூட வரவில்லை. வலது முழங்கால் சொன்னபடி கேட்கவில்லை. ஆட்டத்தை விட்டாள். இப்போது அதே சங்கத்தில் பெண் ஆட்டக்காரர்களின் பிரதிநிதியாக உட்கார்ந்து எல்லாரையும் பாடாய்ப் படுத்துகிறாள். இதுவரை ஆறு பெண்கள் அந்த விதியைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அக்காவுக்கு அதில் சந்தோஷம்தான்.

ஆனால் போன வாரம், கார் ஓட்டிக்கொண்டே, நான் எதுவும் கேட்காமலேயே சொன்னாள்: "அந்த வருஷம் எனக்கு முப்பத்திரண்டுடா. கை என்ன சொன்னாலும் கேட்ட வயசு. அப்ப ஆடவிட்டிருந்தா இன்னும் ரெண்டு கோப்பையாவது வாங்கியிருப்பேன்."

இரண்டல்ல, மூன்று என்றேன் நான். அவள் மறுக்கவில்லை.