வள்ளல் கொண்டுவந்த சாறு

டாக்டர் அவள் கணவரின் ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"டயாலிசிஸ்ல போடற இரும்பு ஊசியை நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. ரத்தத்துல இரும்பு இறங்கணும். ஏறிக்கிட்டே போகுது. வீட்ல ஏதாவது குடுக்கறீங்களாம்மா?"

"தண்ணியே அளந்துதான் சார் குடுக்கறேன்."

"மிஞ்சின இரும்பு உள்ள துரு மாதிரி அரிக்கும். ரத்தக்குழாய், இதயம், எதையும் விடாது. இது இறங்கட்டும், அப்புறம் கிட்னி மாத்தலாம்."

பக்கத்தில் நின்ற கொழுந்தனிடமிருந்து பெருமூச்சு வந்தது. நீளமாகத்தான் இருந்தது, கனம்தான் போதவில்லை. அவள் திரும்பியபோது அவர் சுவரிலிருந்த 'கை கழுவுங்கள்' விளம்பரத்தைப் பக்தியோடு படித்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தனுக்குக் குடியிருப்பில் வள்ளல் என்று பெயர். சங்கக் கூட்டத்தில், குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவரிடம் மைக்கைப் பிடுங்கி, அண்ணனுக்குத் தன் சிறுநீரகத்தைத் தருவதாக அறிவித்த நாளிலிருந்து. லிஃப்டில் வழிவிட்டார்கள். சலூனில் வரிசை விலகியது. கொடுக்காத சிறுநீரகத்துக்கே இவ்வளவு மரியாதை. அதற்குப் பிறகுதான் தினமும் ஒரு சின்னக் குப்பியில் சத்துச் சாறு வர ஆரம்பித்தது. "டாக்டர்கிட்ட கேட்டுட்டேன் அண்ணி" என்றிருந்தார்.

அந்தச் சாற்றைப் பற்றி டாக்டரிடம் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால், "என்னையா சந்தேகப்படறீங்க?" என்று வள்ளல் கோபித்துக்கொண்டு போவார், சிறுநீரகமும் கூடவே போகும். திறக்காவிட்டால் கணவர் துருப்பிடிப்பார்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைய குப்பியைத் திறந்து நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். பழைய ஆணியைச் சப்பியது போலிருந்தது.

"இதைக் குடிக்கும்போது உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?"

"எனக்குச் சோறே இரும்பாத்தான் இருக்கு. இந்த நோய்க்கு அப்படித்தானாம்" என்றார் கணவர். "பாசத்துல கொண்டு வர்றான்டி. எதுக்கெடுத்தாலும் துப்பறியாதே."

பாசமாகவும் இருக்கலாம். ரத்தம் குறைவு என்று கேட்டதும் எவனோ கடைக்காரன் சொன்ன டானிக்கைக் கலக்கியிருக்கலாம். ஆனால் அந்தப் பெருமூச்சு? கண்டம் தப்பியவன் விடுவது போலல்லவா இருந்தது?

சாயங்காலம் வள்ளல் வந்தார். "நாளைக்கே கூப்பிட்டாலும் நான் ரெடி. டாக்டருங்கதான் தள்ளிப் போடறாங்க" என்று, திறந்திருந்த வாசல் வழியாக எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்.

அவள் அந்தச் சாற்றைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி நீட்டினாள். "இன்னிக்கு நீங்க குடிங்க தம்பி."

"எனக்கெதுக்கு அண்ணி... இப்பதான் சாப்பிட்டேன்."

"கிட்னியே குடுக்கறவருக்கு ஒரு டம்ளர் சாறு பெரிசா?"

கட்டிலில் கணவர் சிரித்தார். எதிர்வீட்டு அம்மாள் வாசலில் எட்டிப் பார்த்தாள். வள்ளலுக்கு வேறு வழியில்லை. டம்ளரை உயர்த்திக் குடித்தார். பாதிக்கு மேல் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு கீழே வைத்தார்.

டம்ளரின் அடியில் செம்பழுப்பாக ஏதோ மெல்லப் படிந்துகொண்டிருந்தது.

"அடியில தங்கறதுதான் தம்பி சத்து" என்று சொல்லி, அவள் ஒரு ஸ்பூனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.