இடுப்பு முப்பத்தாறு

அப்பாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காமல் போனபிறகு எங்கள் வீட்டு டிவி மறுபடியும் சத்தமில்லாமல் ஓட ஆரம்பித்தது. அவரிடம் எதுவானாலும் சிலேட்டில் எழுதித்தான் காட்டுகிறோம். லீவுக்கு வந்திருந்த அக்கா, சாயங்காலம் டிவிக்கு முதுகு காட்டிச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அதே நாற்காலி. அதே முதுகு, கொஞ்சம் அகலமாகியிருந்தது.

அக்கா வேலைக்கான பரீட்சைக்குப் படித்த வருஷம் அது. வீட்டில் ஒரே ஒரு கூடம். "பொண்ணு படிக்குது" என்று அப்பா டிவி சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டார். படத்தை விடத்தான் மனசு வரவில்லை. நானும் அவரும் தரையில் ஒட்டி உட்கார்ந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, வசனத்தை நாங்களே குசுகுசுவென்று பேசிக்கொள்வோம். கதாநாயகி நான். மற்ற எல்லோரும் அப்பா. தையல்காரர் ஆயிற்றே, வில்லன் துப்பாக்கியை நீட்டினால், "அசையாம நில்லு. இடுப்பு முப்பத்தாறு" என்பார். யாராவது கதறி அழுதால், "வெள்ளிக்கிழமை தந்துடுறேன்னு சொன்னீங்களே டெய்லர்!" என்பார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அக்கா ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் அப்போது!

இரண்டே மார்க்கில் அக்கா கோட்டைவிட்டாள். மறுநாளே அப்பா லைனிங் துணியில் உறை தைத்து டிவியை மூடினார். அடுத்த தடவை அவள் தேறி வேலைக்குப் போனபிறகுதான் உறையைக் கழற்றினார். டிவிக்குச் சத்தம் வந்தது. அப்பா மட்டும் அதற்குப்பின் ஒரு வசனம்கூடப் பேசவில்லை. முப்பது வருஷமாக உம்மென்றுதான் படம் பார்க்கிறார்.

"எங்களாலதானேக்கா அன்னைக்குப் போச்சு?" இத்தனை நாள் தொண்டையிலேயே கிடந்ததைக் கேட்டேவிட்டேன்.

"ஆமா" என்றாள் அக்கா.

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்; அவர் டிவியில் மூழ்கியிருந்தார்.

"ஒரு கணக்குக்கு விடை முப்பத்தாறுன்னு வந்துச்சுடி. சிரிப்பு வந்துடுச்சு. அடக்க அடக்க வருது. ஹால்ல நின்ன சார் பயந்துபோய்த் தண்ணி குடுத்தாரு. நிதானத்துக்கு வர்றதுக்குள்ள பத்து நிமிஷம் போயிடுச்சு."

"அப்ப எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருந்தியா?"

"ஒண்ணு விடாம. அந்த வருஷம் பூரா நானும் உங்களோடதாண்டி படம் பார்த்தேன். அப்பாகிட்ட சொல்லிடாத, தாங்க மாட்டாரு."

"யாரும் சொல்ல வேண்டாம்க்கா. தன்னாலதான் போச்சுன்னு அவரு அன்னைக்கே முடிவு பண்ணிட்டாரு. இல்லன்னா ஏன் வாயை மூடிக்கணும்?"

அக்கா எழுந்து போய், சிலேட்டில் எழுதி அப்பாவின் மடியில் வைத்தாள். 'அந்த மீசைக்காரன் என்னப்பா சொல்றான்?'

டிவியில் மீசைக்காரன் ஒருவன் துப்பாக்கியோடு நின்றிருந்தான். அப்பா சிலேட்டைப் படித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். இன்னொரு தரம் படித்தார். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டார். குசுகுசுவென்று பேசுவதாகத்தான் அவருக்கு நினைப்பு. தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

"அசையாம நில்லு! இடுப்பு முப்பத்தாறு!"

அக்கா தன் நாற்காலியை டிவி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.