ஒரு சாண் தூரத்தில் புள்ளிமான்

அன்று மலையில் இருந்தவர்கள்:

ஜெபகுமார். அசெம்பிளி லைன் லீடர், பென்னலூர். நீதிபதி.
பாபு. அதே லைனில் கதவு மாட்டுபவன், வாலாஜாபாத். மாப்பிள்ளை ஆக வேண்டியவன்.
எழிலரசன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன், ஸ்ரீபெரும்புதூர். கிழக்குச் சரிவு.
கொம்பையா. பெயிண்ட் ஷாப், சொந்த ஊர் புளியங்குடி. மேற்குச் சரிவு.
நான். தண்ணீர் கேன்.
ஒரு புள்ளிமான். கிடா. வலது கொம்பில் நுனி இல்லை.

இதில் மானையும் என்னையும் தவிர மற்ற நால்வரும் முந்தின இரவு பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு நேராக வந்தவர்கள். நான் இரவு ஷிஃப்டை விட்டு வெளியே வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே தூங்கி எழுந்த முகத்தோடு நின்றவன் நான் ஒருவன்தான். மான் எப்போது தூங்கியது என்று தெரியாது.

விஷயம் இவ்வளவுதான். பாபுவும் ஜெபகுமாரின் தங்கை மெர்சியும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். இரண்டு குடும்பமும் ஒரே சபை. ஜெபகுமாரைத் தவிர வேறு தடை இல்லை. மெர்சிக்கு அப்பா அம்மா இல்லை. அண்ணன் வாயால் 'சரி' என்று வராமல் சர்ச்சில் வந்து நிற்க மாட்டேன் என்று அவள் பாபுவிடம் சொல்லிவிட்டாள். ஜெபகுமார் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. மே மாதம் பாபு லைனில் மயங்கி விழுந்திருந்தான். எட்டு வண்டிகள் இடது கதவு இல்லாமல் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விட்டன. ஜெபகுமார் அதை மறக்கிற ஆள் இல்லை.

"நிக்கவே தெரியாதவன்டா நீ. குடும்பத்த எப்டி நடத்துவ?"

இது டீக்கடையில் நடந்தது. பிறகு அவர் ஜவ்வாது மலையில் இருந்த தன் மாமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் மாமாவைப் பற்றிப் பேசினால் மூன்று டீ ஆகும்.

"எங்க மாமா கைல ஒரு குச்சி கூட எடுக்க மாட்டாரு. மானு பின்னாடியே நடப்பாரு. அது ஓடும், நிக்கும், திரும்பிப் பாக்கும். இவரு நடந்துகினே இருப்பாரு. வெயில் ஏற ஏற அது முடியாம நின்னுடும். போயி கழுத்துல கைய வெப்பாரு. அவ்ளோதான். அவரு ஆம்பள."

"நானும் வெப்பேண்ணா," என்றான் பாபு.

"இன்னாது?"

"கைய."

"வெச்சின்னா எந்தங்கச்சிய கட்டிக்கோ. நானே முன்னாடி நின்னு பண்ணி வெக்கறேன். வெக்கலன்னா அவ பேர எடுக்கக் கூடாது. ஒரே வாட்டிதான். இன்னா?"

பாபு கையை நீட்டினான். ஜெபகுமார் அதில் அடித்தார். மானைக் கொன்றால் ஜெயில் என்று எல்லோருக்கும் தெரியும். தொட்டால் என்ன என்று எழிலரசன் போனில் தேடினான். துரத்தினாலே குற்றம் என்று வந்தது. போனை அணைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலைக்குத் தெற்கே, கம்பெனிகளின் பின்மதில்கள் முடியும் இடத்தில், இரண்டு கல்மலைகள் ஒட்டி நிற்கின்றன. நடுவில் ஒரு சிறு கணவாய். சப்பாத்திக் கள்ளி, சூரை முள், உருண்டைப் பாறைகள், வனத்துறையின் பலகை ஒன்று. மேலே ஏறினால், வெள்ளைத் தாள் ஒட்டிய புதுக் கார்கள் ஆயிரக்கணக்கில் மைதானத்தில் வரிசையாக நிற்பது தெரியும்.

கொம்பையா இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து பார்த்தான்.

"ஏல, இதையா மலைன்னு கூட்டிட்டு வந்திய? எங்கூர்ல இதுக்குப் பேரு வரப்பு."

இதற்கு எல்லோரும் ஐந்து நிமிடம் சிரித்தார்கள். எழிலரசன் பாறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இரவு வேலை முடித்தவர்களுக்குக் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை இப்படி ஒரு கிறுக்கு பிடிக்கும். வெயில் கண்ணில் பட்டதும் உடம்பு தான் சாராயம் குடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். கால் தரையில் இருக்காது. எதைப் பார்த்தாலும் சிரிப்பு வரும். ஒன்பது மணிக்கு மேல் யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் எல்லாம் போய்விடும். இது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் திட்டம் போடும்போது ஒருவனும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

திட்டம் ஜெபகுமாருடையது. சாக்பீஸால் பாறையில் படமே வரைந்தார். பாபு மானைப் பின்தொடர வேண்டும். எழிலரசன் கிழக்கிலும் கொம்பையா மேற்கிலும் நின்று, மான் கீழே இறங்கப் பார்த்தால் கை தட்டி மேலே திருப்ப வேண்டும். மான் மலையைச் சுற்றிச் சுற்றி வந்து களைக்கும். ஜெபகுமார் உச்சியில் உள்ள தட்டைப் பாறையில் உட்கார்ந்து கண்காணிப்பார். நான் தண்ணீரோடு பாபுவுக்குப் பின்னால். என்னைச் சேர்ப்பதில் அவருக்கு இஷ்டமில்லை. இரவு லைனில் தூங்கினேன் என்று எனக்கு மெமோ கொடுத்து, ஷிஃப்டை விட்டு அனுப்பியவர் அவர். நான் தூங்கவில்லை. கண்ணை மூடி நட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். தூங்குகிறவனைப் பிடிப்பதில் அந்தப் பிளாண்டில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பாபு பிடிவாதம் பிடித்ததால் என்னை விட்டார்.

கணவாயில் ஐந்தாறு மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. எங்களைப் பார்த்ததும் பெட்டைகள் எல்லாம் தெற்கே இறங்கிவிட்டன. கொம்பு உடைந்த கிடா மட்டும் மேலே ஏறியது. ஏன் என்று அதைத்தான் கேட்க வேண்டும்.

"அதான். அத்தப் புடி!" என்று உச்சியிலிருந்து குரல் வந்தது.

பாபு ஓடினான். காலில் கம்பெனியின் இரும்பு முனை ஷூ. கழுத்தில் காதடைப்பான் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மான் நூறு அடி ஓடி நின்று திரும்பிப் பார்த்தது. பாபுவும் நின்றான். அது முன்காலால் தரையை உதைத்தது. பாபுவும் ஷூவால் உதைத்தான். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"சார், ஒரு நிமிசம் சார். கைய மட்டும் வெச்சிக்கறேன். கையெழுத்து மாரி."

மான் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

முதல் சுற்றில் எல்லாம் திட்டப்படி நடந்தது. மேற்குச் சரிவில் கொம்பையா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "போவே, மேல போவே, கீழ என்ன சோலி ஒனக்கு!" என்று ஆடினான். கிழக்கில் எழிலரசன் டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டினான். மான் இருவரையும் பார்த்துவிட்டு ஒழுங்காக மேலேயே ஓடியது. பாபு சரளையில் சறுக்கினான், கள்ளியைத் தாண்டினான், ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குக் குதித்தான். லைனில் மயங்கி விழுந்தவன் இவன்தானா என்று இருந்தது. மூச்சு வாங்கினாலும் சிரிப்பு நிற்கவில்லை. தண்ணீரைக் குடித்ததைவிடத் தலையில் ஊற்றிக்கொண்டதுதான் அதிகம்.

"மெர்சி சொல்லிச்சுடா," என்றான் என்னிடம். "தோத்துட்டு வந்தின்னா மூஞ்ச காட்டாதன்னு. சிரிச்சிகினே சொல்லிச்சு. ஆனா அது சிரிச்சிகினே சொன்னா நெசம்."

"பேசாம ஓடு."

இரண்டாவது சுற்றில் கொம்பையா உட்கார்ந்தபடி கை தட்டினான். எழிலரசன் மூடியை ஒரே ஒரு தடவை தட்டினான்.

மூன்றாவது சுற்றில் மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. கொம்பையா சூரைப் புதரின் நிழலில் வாயைத் திறந்து படுத்திருந்தான். மான் அவன் முன்னால் வந்து நின்றது. கீழே இறங்கி, காட்டுக்குள் போய்விட வழி திறந்து கிடந்தது. மான் அவனை மோந்து பார்த்தது. பிறகு அவனைத் தாண்டிக் குதித்து, பழகின பாதையிலேயே மேலே போனது. கிழக்கில் எழிலரசன் டிபன் பாக்ஸைக் கட்டிப்பிடித்துத் தூங்கினான். அவன் பக்கத்தில் கிடந்த வாழைப்பழத் தோலை மான் நின்று நிதானமாகத் தின்றது. பாபு அதற்கு இருபது அடி பின்னால் முழங்காலில் கை வைத்துக் குனிந்து, சத்தம் வராமல் சிரித்தான். அவன் கண்ணில் தண்ணீர் வழிந்தது. எனக்கும் வழிந்தது. மலையில் காவல் இல்லை. வேட்டை மட்டும் தானாக நடந்துகொண்டிருந்தது.

நான்காவது சுற்றில் மான் ஓடவில்லை. நடந்தது. பாபுவும் நடந்தான். நாக்கு வெளியே தொங்க, விலா ஏறி இறங்க, அது உச்சிக்குக் கீழே மூன்று பக்கமும் கல் சூழ்ந்த ஓர் இடுக்கில் போய் நின்றது. நேர் மேலே ஜெபகுமாரின் தட்டைப் பாறை.

பாபு நாலு காலில் போனான். நான் பின்னால் நின்றுவிட்டேன். பத்தடி. ஐந்தடி. மானின் புள்ளிகளை எண்ணலாம் போல இருந்தது. அதன் தோல் ஈ உட்கார்ந்ததுபோல் சிலிர்த்தது. பாபு சிரிப்பை நிறுத்தியிருந்தான். வலது கையை நீட்டினான். விரல் நுனிக்கும் மானின் பின்தொடைக்கும் நடுவில் ஒரு சாண்.

அப்போது மேலேயிருந்து குறட்டை வந்தது.

சாதாரணக் குறட்டை இல்லை. டீசல் ஜெனரேட்டர் பிடிக்காமல் பிடிக்காமல் சட்டென்று பிடிப்பதுபோல. மான் நின்ற இடத்திலிருந்து நேராக மேலே எழும்பியது. பாபுவின் தலைக்கு மேல் பறந்து, என்னை உரசாமல் உரசி, சரிவில் இறங்கி, கணவாயைத் தாண்டி, தெற்கே காட்டுக்குள் போய்விட்டது.

பாபு நீட்டிய கையை மடக்காமல் அப்படியே முழங்காலில் நின்றான். பிறகு விழுந்து உருண்டு சிரித்தான். அது அழுகையா என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். சிரிப்புதான்.

உச்சிக்கு ஏறினோம். ஜெபகுமார் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தார். ஷூவைக் கழற்றி வரிசையாக வைத்திருந்தார். அதாவது திட்டமிட்டே தூங்கியிருந்தார். பாபு தோளைத் தொட்டதும் எழுந்து உட்கார்ந்து, இடது கையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"பாத்தேன்."

"இன்னாண்ணா பாத்த?" என்றான் பாபு.

"எல்லாம் பாத்தேன். கண்ண மூடினா மாரி இருந்து பாத்துகினே இருந்தேன். நான் தூங்கல."

"அண்ணா, கடைசில வந்து..."

"தொட்ட."

"இல்லண்ணா. தொடல. ஒரு சாண் கம்மி."

ஜெபகுமார் எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மெமோ எழுதி எழுதித் தேய்ந்த மூளை அது. தொடவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டால், எப்படித் தப்பியது, எந்தப் பக்கம் போனது என்று அடுத்த கேள்வி வரும். தூங்கியது அம்பலமாகிவிடும். திங்கட்கிழமை கேன்டீனில் முந்நூறு பேருக்கு விஷயம் தெரிந்துவிடும்.

"நான் பாத்தேன்றேன். நீ இன்னாடா இல்லன்ற? வலது கைல தொட்ட. தொடையில. அதுக்கு உடம்பு சிலுத்துச்சு."

"சிலுத்துச்சுதான். ஆனா..."

"பாத்தியா? பாக்காம எப்டி சொல்லுவேன்?"

சத்தம் கேட்டு மற்ற இருவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். கொம்பையாவின் கன்னத்தில் சரளைக்கல்லின் அச்சு இருந்தது.

"தொட்டாம்ல," என்றான். "நான் பாத்தேன்."

"நானும் பாத்தேன்," என்றான் எழிலரசன். அவன் நின்ற இடத்துக்கும் அந்த இடுக்குக்கும் நடுவில் ஒரு மலையே இருந்தது.

தூங்கிய மூன்று பேர் தொட்டதைப் பார்த்திருந்தார்கள். விழித்திருந்த இரண்டு பேர் பார்க்கவில்லை. பாபு மறுபடி வாயைத் திறந்தான். அவனுக்கு இன்னும் கிறுக்கு இறங்கவில்லை. உண்மையைச் சொல்வது அப்போது அவனுக்கு ஒரு விளையாட்டாக இருந்தது. தண்ணீர் கேனை அவன் தலையில் கவிழ்த்தேன். வாய் அடைத்தது.

ஜெபகுமார் என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா சொல்ற? இவன் தொட்டத பாத்தியா இல்லியா? இல்ல, நீ தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன்," என்றேன்.

நாற்பது நாளுக்கு முன் தூங்கவில்லை என்று இதே ஆளிடம் அரை மணி நேரம் சொன்னேன். நம்பவில்லை. இப்போது ஒரே வார்த்தையில் நம்பினார்.

"நின்னுகினே தூங்குவான் இவன்," என்று மற்றவர்களிடம் சொன்னார். "விடு. பாபு, வா. வூட்டுக்குப் போலாம்."

மூன்று வண்டிகளில் பென்னலூர் போனோம். எழிலரசனும் கொம்பையாவும் ரோடு முனையிலேயே கழன்றுகொண்டார்கள். மெர்சி சர்ச்சுக்குப் புறப்பட்டு வாசலில் நின்றாள். முதலில் பாபுவின் கிழிந்த முழங்காலைப் பார்த்தாள். பிறகு அண்ணனை.

"இன்னாண்ணா?"

"சரி," என்றார் ஜெபகுமார். நின்றபடியே ஆடினார். "தொட்டுட்டான். நான் கண்ணால பாத்தேன். சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான். கட்டிக்கோ. தூக்கம் வருது, வழிய வுடு."

பாபு மூச்சை இழுத்தான். மெர்சி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் மூச்சை அப்படியே விழுங்கிவிட்டான்.

"பதினோரு மணிக்கு ஆராதனை," என்று எங்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "கல்யாண அறிவிப்பு, முதல் ஓலைய இன்னைக்கே சபைல வாசிக்கச் சொல்லிடலாம் பாஸ்டர்கிட்ட. அண்ணன் சரின்னு சொன்னத நீங்க கேட்டீங்கல்ல? நீங்களும் வாங்க."

"அவரு முழிச்சிட்டு மாத்திட்டாருன்னா?" என்றான் பாபு.

"சபைல வாசிச்சிட்டா மாத்த மாட்டாரு. முழிக்கறதுக்குள்ள வாசிச்சிடணும்."

இந்தப் பக்கத்தில் இரவு வேலைக்காரன் பகலில் தூங்கினால், வீட்டார் வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள். கதவு தட்டும் ஆட்கள் பூட்டைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். அதற்குள் ஜெபகுமார் ஷூவோடு உள்ளே போயிருந்தார். கட்டில் கிரீச்சிட்டது. "ரெண்டு மணிக்குத் தொற," என்று ஒரு குரல் பாதியில் அறுந்தது. மெர்சி கதவைச் சாத்தி, கொண்டியை மாட்டி, பூட்டை அழுத்தி, இழுத்துப் பார்த்தாள்.