சகலைகளும் சர்வரும்

அக்காள் தங்கையைக் கட்டியவர்கள் அவர்கள். வீட்டில் மூத்த சகலையைப் பெரியவர் என்றும் இளையவரைச் சின்னவர் என்றும் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் இருவரும் மாடியில் ஓர் அறை பிடித்து, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார்கள். பகலெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவார்கள். சாயங்காலம் ஒரே வண்டியில் வீடு திரும்புவார்கள். ரிப்பேருக்கு ஆள் வருவது குறைந்ததும் கடையை மூடினார்கள். மனஸ்தாபம் ஏதுமில்லை. சின்னவர் வேறு ஊரில் இன்சூரன்ஸ் வேலைக்குப் போனார். பெரியவர் நாலைந்து அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார்.

அதன்பின் விடுமுறைக்குச் சின்னவர் வந்தால், "வாங்க சகலை, சௌக்கியமா?" "இருக்கேங்க" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். இருவரும் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த முறையும் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் பெரியவர் பார்த்துக்கொள்ளும் பல் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பெயின்ட் அடிப்பதற்காக, எல்லா விவரமும் இருக்கும் பொதுக் கம்ப்யூட்டரான சர்வரைப் பக்கத்து அறைக்கு நகர்த்தினார்களாம். இப்போது சர்வர் ஓடுகிறது. ஆனால் எந்தக் கம்ப்யூட்டரிலும் நோயாளிகளின் விவரம் வரவில்லை.

"நானும் வரட்டுமாங்க?" என்றார் சின்னவர். கேட்கும்போதே சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

வரவேற்பில் இருந்த பெண் இவர்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "சீக்கிரம் பாருங்க சார். யாருக்கு எந்தப் பல்லுன்னே தெரியாம டாக்டர் முழிக்கிறாரு."

பெரியவர் சர்வரின் முன் அமர்ந்தார். கேபிள் சொருகும் இடத்தில் விளக்கு எரியவில்லை. திரையில் பார்த்தால், மற்றக் கம்ப்யூட்டர்களோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டின் பெயரே காணோம். அப்படி ஒன்று தனக்குள் இருப்பதே சர்வருக்குத் தெரியவில்லை.

"கார்டோட டிரைவர் சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்டுப் பாக்குறேன்."

"போடுங்க," என்றார் சின்னவர் அடக்கமாக.

போட்டார். பலனில்லை. பெரியவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியபோது சின்னவருக்குப் பொறுக்கவில்லை. "யோவ், கார்டே அதோட கண்ணுக்குத் தெரியல, டிரைவரைப் போட்டு என்னய்யா கிழிக்கப் போற? மூடியைக் கழட்டு!"

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். பெரியவர் மெல்லத் திரும்பினார்.

"அப்ப அந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குடுய்யா, நின்னு வேடிக்கை பாக்காம."

சர்வரை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கினார்கள். பெரியவர் கார்டை உருவி வாயருகே கொண்டுபோனார்.

"ஊதாதேய்யா, எச்சில் படும். எத்தனை தடவை சொல்றது!"

கார்டின் முனையை ரப்பரால் துடைத்து மாட்டினார்கள். வரவில்லை. கார்டு சொருகும் பக்கத்து ஸ்லாட்டில் போட்டார்கள். அங்கேயும் வரவில்லை. சர்வர் ஒவ்வொரு முறையும் எழுந்திருக்க நேரமெடுத்தது. மின்விசிறி இரைச்சலில் இருவரும் தரையில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்சூரன்ஸ்ல யாரையும் திட்டவே முடியாது சகலை," என்றார் சின்னவர். "சிரிச்சுச் சிரிச்சுத் தாடை வலிக்குது."

"எனக்கு மட்டும்? தனியா வேலை பாத்தா யாரைத் திட்டுறது?"

அடுத்த முறை கார்டை மாட்டும்போது சின்னவர் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். "நிறுத்து. இப்ப ஸ்க்ரூவை முடுக்கு... பாத்தியா?" ஸ்க்ரூ இறுக இறுக, கார்டின் மறுமுனை மயிரிழை மேலே எழும்பியது. நகர்த்தும்போது எங்கோ இடித்து, கார்டைப் பிடித்திருக்கும் தகடு வளைந்திருக்கிறது. தகட்டைக் கழற்றி, குறட்டால் நிமிர்த்தினார்கள்.

"பழைய ஸ்லாட்லயே போடு. இல்லேன்னா நெட்வொர்க் அட்ரஸ் எல்லாம் மறுபடி குடுக்கணும்," என்றார் சின்னவர்.

"தெரியும்யா!"

பச்சை விளக்கு எரிந்தது. வெளியே அந்தப் பெண், "வந்துடுச்சு!" என்று கத்தினாள்.

தெருவுக்கு வந்ததும் பெரியவரின் மனைவி போனில் கூப்பிட்டாள். "இன்னும் கொஞ்சம் வேலை இருக்கும்மா," என்றார் பெரியவர், கூசாமல். இருவரும் பேசி வைத்ததுபோல் பழைய கடைத் தெருப்பக்கம் நடந்தார்கள்.

மாடி அறை இப்போது முடிதிருத்தும் கடை. கண்ணாடியும் சுழல் நாற்காலிகளுமாக இருந்தது. கடைக்காரர் இருவரின் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருக்கு சார்?"

"ரெண்டு பேருக்கும்," என்றார் சின்னவர், பின்மண்டையில் மிச்சமிருந்ததைத் தடவியபடி.

துணி போர்த்தி உட்கார வைத்தார்கள். அவர்களுடைய மேசை கிடந்த இடம் அதுதான். ஜன்னல் வழியே அதே திருப்பத்தில் பஸ்கள் திணறின.

"அந்த ஜன்னல் தாழ்ப்பாள் இன்னும் சரியா விழல பாரு."

"நீதானே மாத்தறேன்னு சொன்ன?"

"நீ எங்க புதுசு வாங்கிட்டு வந்த?"

"தலையை ஆட்டாதீங்க சார்," என்றார் கடைக்காரர்.

வெட்ட அதிகமில்லாததால் வேலை சட்டென்று முடிந்துவிட்டது. கடைக்காரர் துணியை உதறினார். இருவரும் எழுந்திருக்கவில்லை.

"அப்படியே ஷேவும் பண்ணிடுங்க," என்றார் பெரியவர். காலையில்தான் வழவழவென்று மழித்திருந்தார்.