புலிச்சுறா மலைக்குக் கொண்டுவந்த வில்லை

1

இந்தக் கதை எனக்கு இலங்கை மலைநாட்டுப் பொகவந்தலாவைக் கடைவீதியில், ஒரு கருவாட்டுக் கடை வாசலில் கிடைத்தது. கடலையே பார்க்காத மலைக்கு இத்தனை சுறா ஏறி வருகிறதே என்று வியந்து நின்றேன். மற்றதெல்லாம் என் கற்பனை. கதை நாறினால் கருவாட்டின் மேல் பழி போடாதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: நீலக் கடலின் ஆழத்தில் ஒரு

[வேண்டாம். மலையில் முடங்கிக் கிடப்பவனைப் பற்றி எழுத வந்துவிட்டு எனக்கென்ன நீச்சல்?]

2

லோரன்ஸ், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அட்டனில் பாதிரிமார் பள்ளியில் படித்தவன். திருகோணமலையில் சுறாக்களை ஆராயும் படகில் உதவியாளனாக இருந்தான். புலிச்சுறாவைப் பிடித்து, அளந்து, முதுகுத் துடுப்பின் அடியில் எண் பொறித்த வில்லையைக் கட்டி விட்டுவிடுவார்கள். செத்துக் கிடைத்ததை அறுத்து, வயிற்றில் குட்டி உண்டா, தின்றது ஆமையா திருக்கையா என்று பார்ப்பார்கள். இந்தச் சுறாக்கள் திருகோணமலையை ஒட்டிய கொட்டியாரக் குடாவை விட்டுப் போகாது என்றார் மேலதிகாரி. தீவையே சுற்றி வரும் என்றான் லோரன்ஸ்.

பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்த நாட்டான் என்று காட்டத் தோட்டத்துத் தமிழனிடம் காகிதமில்லை, வேலை போயிற்று. நீ சொன்னபடி வேறு கடலில் நம் வில்லை ஒன்று அகப்பட்டால் அதை வைத்து உனக்காகப் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார் அதிகாரி.

3

ஊர் திரும்பியவன் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தான். சுறாவைப் பற்றிப் பேச ஒரு ஜீவன் இல்லை. மழை பெய்யும் மாலைகளில் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் தனியே உட்கார்ந்து அழுதான். அதை மறைத்து எழுதப் பார்த்தேன், முடியவில்லை.

அடுத்த காம்பரா காளியாயி கொழுந்து பறிப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுறாக் கருவாட்டை நறுக்கும்போது கத்தியில் ஏதோ தட்டியது. எடுத்துத் துடைத்தாள். லயமே ஓடிவரும்படி அலறினாள்.

"எங்கண்ணன் வந்துருச்சே!"

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு ஆள் ஏற்றும்போது கழுத்தில் எண் பொறித்த தகர வில்லை மாட்டுவார்கள். காளியாயி சிறுமியாக அதை மாட்டிக்கொண்டு வந்தவள். முந்திய கப்பலில் ஏறிய அண்ணன் சோலைமலை வந்து சேரவே இல்லை.)

லோரன்ஸ் வில்லையை வாங்கிப் பார்த்தான். அவன் கையால் கட்டியதுதான். அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கருவாட்டுக் கடைக்காரரிடம் ஓடினான். மன்னார்ச் சரக்கு என்றார். திருகோணமலையில் விட்ட சுறா தீவின் மறுகரையில், மன்னாரில்! சந்தோஷத்தில் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ஓடிவந்தால், காளியாயி தலைமுழுகிவிட்டு, சுறா தின்ற அண்ணனுக்குக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

4

இப்படியும் ஒருத்தி ஏமாறுவாளா என்று எனக்கே சந்தேகம். இந்தப் பகுதியை இரண்டு முறை கிழித்தேன். ஆனால் சுறாவுக்கு நம்பர் போடுவார்கள் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவள் அறிந்தவரை நம்பர் போட்டது மனிதருக்குத்தான்.

கருமாதி முடிந்து, வில்லையை மஞ்சள் துணியில் முடிந்து அவளே அவன் கையில் கொடுத்தாள்.

"கடலு தெரிஞ்ச புள்ள நீங்கதான் தம்பி. அங்க போறப்ப இதக் கடல்ல கரைச்சிருங்க. அண்ணனுக்கு என்னைய விட்டா ஆருமில்ல."

5

முடிவு ஒன்று: வில்லையை மேலதிகாரிக்கு அனுப்புகிறான், வேலை கிடைக்கிறது, காளியாயியிடம் கரைத்துவிட்டதாக

[அடித்துவிட்டேன். பிறகு அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்?]

இன்னொன்று: ரயிலேறிப் போய்க் கடலில் போட்டுவிட்டு, அந்த மழைக்கும் அந்தக் காம்பராவுக்கும் திரும்புகிறான். [இதையும் அடித்தேன். அவ்வளவு பெரிய மனசு எனக்கே கிடையாது, அவனிடம் எப்படிக் கேட்பது?]

கடைசியில் உண்மையைச் சொல்ல வைத்தேன்.

"பெரியம்மா, இது சுறாவோட நம்பருங்க. அது எங்க போவுதுன்னு பார்க்க நான்தான் கட்டிவிட்டேன். மனுசங்களோடது இல்லீங்க."

காளியாயி அவன் கையிலிருந்த மஞ்சள் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்:

"சுறா எங்க போச்சுன்னு பார்க்க ஆளு இருக்காங்க. அப்ப எங்கண்ணன் எங்க தம்பி?"

லோரன்ஸ் சொன்னான்: "

[மேற்கோள் குறியைத் திறந்தவன் நான். மூட எனக்குத் தைரியமில்லை. உங்களுக்கு இருந்தால் எழுதுங்கள். அவள் வாசலிலேயே நிற்கிறாள்.]